தனி ஆவர்த்தனமும் இரண்டு விரலும்

சரியாக ஐந்தரை மணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பதிலாள்கள் செவ்வாய்க் குடியேற்றத்தின் சபாவுக்குள் வந்து, அதனதன் எண்ணிட்ட நாற்காலியில் உட்கார்ந்தன. பதிலாள் என்பது வீட்டுக்கு ஒன்று இருக்கும் இயந்திரம். கல்யாணம், பெற்றோர் கூட்டம் என்று தலையைக் காட்டியே தீரவேண்டிய, ஆனால் போகப் பிடிக்காத இடங்களுக்கு அதைத்தான் அனுப்புவார்கள். அது கேட்டதன் சாரம் எஜமானரின் மூளைச் சில்லுக்குப் போய்விடும். மறுநாள் அலுவலகத்தில் 'நேத்து கல்யாணி பிரமாதம்' என்று அளந்துவிட அது போதும். கச்சேரிக்கு அவை வருவது அன்றுதான் முதல் தடவை.

மேடையில் மிருதங்கத்தோடு உட்கார்ந்திருந்த தயாபரன் நிறைந்த வரிசைகளை எண்ணிப் பார்த்தார். அங்கே கலைஞர்களுக்குச் சம்பளம் கிடையாது, செவிநேரம்தான். யார் எத்தனை நிமிடம் உட்கார்ந்து கேட்டார்கள் என்று நாற்காலியே கணக்கெடுக்கும். பாட்டின் நிமிடங்கள் பாடகிக்கு. தனி ஆவர்த்தனத்தின் இருபது நிமிடம் மட்டும் மிருதங்கக்காரருக்கு. மனிதர்கள் வந்த காலத்தில் அந்த இருபது நிமிடத்தில்தான் அரங்கமே கேன்டீனுக்குக் கிளம்பும்.

சொல்லிக்கொடுத்தாவது பிழைக்கலாம் என்றால் அதிலும் மண். பிள்ளைகள் விரலைத் தானாக இயக்கும் விரல்வில்லையை மணிக்கட்டில் பதித்துக்கொண்டு ஒன்பது நிமிடத்தில் எல்லாப் பாடமும் வாசித்துவிடுகிறார்கள். சான்றிதழில் குரு என்று ஒரு பெயர் வேண்டும் என்பதற்காகப் பெற்றோர் வருவார்கள். "உள்ள எல்லாம் வரலை சார், ஒரு கையெழுத்து போதும்." அதற்கு ஏழு நிமிடச் செவிநேரம் வரவாகும். அவர்கள் போனபின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அடுத்த கையெழுத்து வரை அந்த அறையில் பேச்சுச் சத்தமே இருக்காது.

மனைவி சுகுணா கும்பகோணத்தில் இருந்தாள். ஆறு வருஷமாயிற்று. 'சாப்பிட்டியா?' என்று கேட்டால் பதில் வர அரைமணி ஆகும். அதற்குள் அவர் தட்டைக் கழுவி வைத்திருப்பார். அவளை அழைத்துவரக் கப்பல் சீட்டு வேண்டும். நிறைந்த அரங்கில் மூன்றே மூன்று தனி வாசித்தால் சீட்டுக்குக் காணும்.

"கவலையே படாதீங்க சார்," என்று சொல்லியிருந்தாள் சபா செயலாளர் அனசூயா. "இதுங்க எங்க காப்பி குடிக்கப் போகுது? வாயே கிடையாது."

பதிலாள்கள் தாளம் போட்டன, சரியான இடத்தில் நெஞ்சிலிருந்த ஒலிப்பெட்டியால் 'பலே' என்றன. தயாபரனுக்குத் தெம்பு வந்தது. பாடகி பல்லவியை முடித்து அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆறு வருஷமாக மனசில் கட்டிவைத்திருந்த தாளக் கோர்வையை எடுத்தார்.

முதல் வரிசையில் ஒரு பதிலாள் எழுந்தது. உடுத்தாத வேட்டியின் பின்புறத்தைத் தட்டிவிட்டது. பக்கத்துப் பதிலாளிடம் இரண்டு விரலை உயர்த்திக் காட்டியது. அப்புறம் முந்நூற்றுப் பன்னிரண்டும் எழுந்து, இரண்டிரண்டு விரலைக் காட்டிக்கொண்டு வெளியேறின. திறந்த கதவு வழியே அவருக்குத் தெரிந்தது: வாயில்லாத அத்தனையும் பூட்டிய கேன்டீன் முன்னால் ஒழுங்காக வரிசையில் நின்றன. காலி நாற்காலிகளுக்கு அவர் இருபது நிமிடமும் வாசித்தார். தனியை நிறைவுசெய்யும் தீர்மானத்தை அவர் வாசித்து முடித்து, பாடகி வாயைத் திறந்தபோது எல்லாம் இடத்துக்குத் திரும்பியிருந்தன.

"யாரும்மா இதைக் கத்துக்கொடுத்தது?" கச்சேரி முடிந்ததும் கேட்டார்.

"தனியா யாரும் கத்துத்தரலை சார். பூமியில எடுத்த பழைய கச்சேரிப் பதிவெல்லாம் போட்டுக் காட்டினோம். மனுஷங்க செஞ்சதை அதுங்க செய்யுது."

"அந்த ரெண்டு விரல்?"

"அது ஒரே ஒரு பதிவுல இருக்கு. படம் ரொம்பத் தெளிவா இருந்துச்சுன்னு அதையே அடிப்படையா வெச்சிட்டாங்க. பாருங்க."

சுவரில் படம் ஓடியது. மேடையில் யாரோ ஒருவர் தனி வாசிக்க ஆரம்பித்தார். முன்வரிசையில் ஓர் இளைஞன் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு காப்பி. அவள் சிரித்துக்கொண்டே எழுந்து அவன் பின்னால் போனாள்.

சுகுணாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவரும் அவளும் சேர்ந்து குடித்த முதல் காப்பி அது. அவள் கட்டியிருந்த புடவையின் நிறம், காப்பியில் சர்க்கரை கூடிப்போனது எல்லாம் தயாபரனுக்கு ஞாபகம் வந்தது.

அன்று மிருதங்கம் வாசித்தவர் யார் என்று மட்டும் நினைவில்லை. படத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். அந்த முகத்தைக்கூட அவர் அன்று சரியாகப் பார்த்திருக்கவில்லை.