தள்ளுபடியில் மூச்சு

ஓராண்டு மூச்சின் விலை, தலைக்கு நாற்பது செம்பு. இதைக் கேட்டு செங்கொற்கையில் யாரும் பதறுவதில்லை. உதட்டைப் பிதுக்கி, "நாப்பதா? கொடுக்கிற விலையைச் சொல்லும்" என்பார்கள்.

செங்கொற்கை செவ்வாய்க் கிரகத்தில் இருக்கிறது. ஒரே கண்ணாடிக் குவிமாடம். அதற்குள் பன்னிரண்டாயிரம் பேர். முதலில் குடியேறியவர்கள் அத்தனை பேரும் தெற்கத்தி வியாபாரிகள். வெளியே காற்று இல்லை என்று சொன்னபோது அவர்கள் கலங்கவில்லை. உள்ளே இருக்கும் காற்றுக்கு ஒரே விலைதான் என்று சொன்னபோதுதான் கலங்கினார்கள். ஆகவே அரசு இறங்கி வந்தது.

ஒவ்வொருவர் கழுத்தெலும்புக்கு அடியிலும் துவரம்பருப்பு அளவில் ஒரு மூச்சுமானி புதைக்கப்பட்டிருக்கும். வரி கட்டியவருக்கு அது பச்சையாக ஒளிரும், கட்டாதவருக்குச் சிவப்பாக. ஒரே கூரையின் கீழ் இருக்கும் காற்றை ஒருவருக்கு மட்டும் நிறுத்த வழியில்லாததால் தண்டனை அவ்வளவுதான். அதை மறைக்க ஒரு துண்டு போதும்.

வரி வாங்கியது மதிப்பன் என்னும் எந்திரன். கடைத்தெருவின் இருபதாண்டுப் பேச்சைப் பதிவு செய்து ஊட்டி வளர்த்த எந்திரன் அது. நாற்பது என்று சொல்லும். பத்து என்பார்கள். "கட்டுப்படியாகாது அண்ணாச்சி" என்று பெருமூச்சு விடும். நுரையீரல் இல்லாத அது விடும் பெருமூச்சு, இருக்கிறவர்களுடையதைவிட உருக்கமாக இருக்கும். வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். சரியாகப் பத்தாவது அடியில், "சரி வாங்க, உங்க முகத்துக்காக" என்று மதிப்பன் கூப்பிடும். அந்தப் பத்தாவது அடியில் தரை குழிந்தே போயிருந்தது. இருபது, இருபத்திரண்டில் பேரம் படியும். தன் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை என்ற நம்பிக்கையோடு அத்தனை பேரும் வீடு திரும்புவார்கள்.

இந்த ஊருக்குத்தான் பிலோமினா நிதிச் செயலராக வந்தார். சென்னையில் கணக்குப் படித்தவர். தோளில் ஒரு மாட்டுத்தோல் பை. மாடே இல்லாத கிரகத்தில் அந்தப் பையைப் பார்க்கவே நாலு பேர் அலுவலகம் வந்து போனார்கள்.

பிலோமினா பழைய பேரேடுகளைப் பிரித்தார். எல்லாப் பக்கத்திலும் இரண்டு பத்திகள்: 'சொன்னது', 'முடிந்தது'. முதல் பத்தி எப்போதும் இரண்டாவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. இது என்ன, ஊரே சேர்ந்து எழுதிய பொய்க்கணக்கு! முதல் பத்தியை அடியோடு ஒழித்தார்.

பிறகு உண்மைச் செலவைக் கூட்டினார். காற்றுச்சல்லடை ஒன்று பூமியிலிருந்து வாங்க, நிறுவனத்தின் விலைப்பட்டியல்படி ஒரு லட்சத்து அறுபதாயிரம். முதியோர் மூச்சுப்படி ஐம்பதாயிரம். சம்பளமும் சில்லறையும் முப்பதாயிரம். ஆக இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். தலைக்கு இருபது செம்பு.

"இனி அரசு சொல்வதும் இருபது, வாங்குவதும் இருபது. ஒளிவுமறைவு இல்லை" என்று நிதிநிலை அறிக்கையை முடித்துவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். அவையில் ஒருவர் இருமினார்.

அந்த இருமல்தான் கவலை. பழைய சல்லடை அடைத்துக்கொண்டு, ஊர்க்காற்றில் ஈரச்சாக்கு நாற்றம் வர ஆரம்பித்திருந்தது. பூமியும் செவ்வாயும் நெருங்கும் பருவம் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அங்கிருந்து சரக்குக் கலம் கிளம்பப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் முழுப் பணமும் போய்ச் சேராவிட்டால் அடுத்த கலம்வரை சல்லடை தாங்காது.

எட்டு நாளில் வரி கட்ட வந்தவர்கள் பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் வழி கேட்க வந்தவர்கள்.

ஒன்பதாம் நாள் காலை, வணிகர் சங்கத் தலைவர் தாணுலிங்கம் வந்தார். விண்ணுடை உதிரிபாகக் கடைக்காரர். பின்னாலேயே பாசிமாவுக் கடை சுலைகாபீவியும் அரைத் தெருவும். எல்லோர் கழுத்திலும் துண்டு.

"செயலரம்மா, இந்த அநியாயத்தைக் கேக்க ஆளில்லன்னு நெனைச்சீங்களோ?"

"அண்ணாச்சி, போன வருஷம் எவ்வளவு கட்டினீங்க?"

தாணுலிங்கம் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இருபத்திரெண்டு."

"இப்போ இருபதுதானே? ரெண்டு செம்பு மிச்சம்."

"என்ன கணக்கும்மா சொல்லுதீங்க? போன வருசம் நாப்பது சொன்னான், இருபத்திரெண்டுக்கு முடிச்சேன். பதினெட்டு லாபம். இப்ப இருபது சொல்லி இருபதுதான்னா, என் லாபம் எங்க?"

"ஆனா கையிலேர்ந்து போறது கம்மிதானே!"

"கையில இருந்து போறதை எவன் பாக்கான்? குறைச்சதுல்லா கணக்கு! தலைக்குப் பதினெட்டு, பன்னிரண்டாயிரம் தலை. ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரத்தை மக்கள்கிட்ட இருந்து ஒரே நாள்ல அடிச்சிட்டீங்களே!"

கூட்டம் கொதித்தது. பிலோமினா மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார்; பெருக்கல் சரியாகத்தான் இருந்தது.

"இதுல முதியோர் படி வேற" என்றார் தாணுலிங்கம், சூடு பிடித்து. "வேலைவெட்டி இல்லாதவன் எல்லாம் நம்ம காசுல கொட்டாவி விடுதான். இலவசம் குடுத்தே ஊரைக் கெடுத்தாச்சு."

"உங்க மாமியாரும் அந்தப் படியிலதான அண்ணாச்சி மூச்சு விடுதாங்க?" என்றாள் சுலைகாபீவி.

"அது உரிமை. அடுத்தவன் வாங்குததுதான் இலவசம்."

சுலைகாபீவி உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவர்கள் போனபின், காலி வரிசைக்கு எதிரே சும்மா நின்ற மதிப்பனிடம் பிலோமினா கேட்டார்: "இவங்களுக்கு எப்படித்தான் புரியவைக்கிறது?"

"அம்மா, உங்க பை என்ன விலை?"

"இதுவா? நாலாயிரம் ரூபா. ஆடித் தள்ளுபடியில ரெண்டாயிரத்துக்கு வாங்கினேன்" என்றார் பிலோமினா. ஊருக்கு வந்து முதன்முறையாக அவர் முகத்தில் பெருமிதம்.

மதிப்பன் பெருமூச்சு விட்டது.

"இந்த ஊர்ல யாரும் எப்பவும் வரி கட்டினதில்லம்மா. தள்ளுபடி வாங்கிட்டுப் போனாங்க, அவ்வளவுதான்."

பிலோமினா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலாயிரம் என்பது வெறும் சொன்ன விலை, பை எப்போதுமே இரண்டாயிரம்தான் என்று முதல்முறையாகத் தோன்றியது.

அன்று மதியமே ஊரெங்கும் ஒலிபெருக்கி முழங்கியது: நெருக்கடி காரணமாக மூச்சுவரி எழுபது செம்பு. ஒரு காசு குறையாது.

செங்கொற்கைக்கு உயிர் வந்தது. "எழுவதா! கொள்ளை! பகல் கொள்ளை!" என்று முகமெல்லாம் மலரக் கத்திக்கொண்டு ஊரே ஓடிவந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தாணுலிங்கம் வரிசையில் முதலாவதாக நின்றார்.

"எழுவது அண்ணாச்சி" என்றது மதிப்பன்.

"பன்னெண்டு."

"விளையாடாதீங்க. காத்து எங்க இருந்து வருதுன்னு தெரியுமா?"

"தெரியும், என் கடை வழியாத்தான் வருது. ஈரச்சாக்கு நாத்தம். இதுக்குப் பன்னெண்டே அதிகம்."

"நாத்தத்துக்காக அறுவது."

"பதினஞ்சு. பழைய பழக்கத்துக்காக."

"கட்டுப்படியாகாது." பெருமூச்சு.

தாணுலிங்கம் திரும்பி நடந்தார். வரிசை மொத்தமும் வாய்க்குள் எண்ணியது. பத்தாவது அடி. குரல் இல்லை. பதினொன்று. தாணுலிங்கத்தின் காது விடைத்தது. பன்னிரண்டாவது அடியில் அவர் தன் செருப்பில் இல்லாத கல்லை உதறுவதற்காக நின்றார்.

"சரி வாங்க, உங்க முகத்துக்காக இருபத்தஞ்சு. வெளிய சொல்லிராதீங்க."

தாணுலிங்கம் நெஞ்சை நிமிர்த்தி வந்து கட்டினார். எழுபதில் நாற்பத்தைந்து குறைத்த மனிதர்! அவர் கழுத்துக்கடியில் பச்சை ஒளிர்ந்தது. வரிசையில் இருந்தவர்களைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்துவிட்டுப் போனார். அவர்களும், தங்கள் முறை முடிந்தபோது, அதே சிரிப்பைச் சிரித்தார்கள்.

பதினோராம் நாள் மூன்று லட்சம் செம்பு சேர்ந்துவிட்டது. சல்லடைக்கான பணத்தைப் பிலோமினா அன்றே அனுப்பினார். கால்மணி நேரத்தில் பூமியிலிருந்து நன்றி வந்தது. கூடவே, கலத்தில் ஒரு தினசரி நாள்காட்டியும் அனுப்பிவைப்பதாக எழுதியிருந்தார்கள். எவ்வளவு மரியாதையான நிறுவனம் என்று பிலோமினா நினைத்துக்கொண்டார்.

ஆண்டிறுதித் தணிக்கைக்குக் குடிமக்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது ஊர் வழக்கம். அந்த முறை வந்தவர் தாணுலிங்கம். மதிப்பன் வரி வாங்கும் மேசையிலேயே பேரேட்டை விரித்தார். ஊர்க்காற்று இப்போது சுத்தமாக இருந்தது. கையிருப்பு அறுபதாயிரம். அவர் விரல் பேரேட்டில் வழுக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது.

"சல்லடைக்கு எவ்வளவு சொன்னான்?"

"ஒரு லட்சத்து அறுபதாயிரம்."

"சரி. எவ்வளவு குடுத்தீங்க?"

பிலோமினா அதே தொகையைத் தொட்டுக் காட்டினார்.

தாணுலிங்கம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "சொன்னதையேவா?"

அவர் பழைய பேரேட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். முந்தைய சல்லடை: சொன்னது, ஒரு லட்சத்து அறுபதாயிரம். முடிந்தது, எண்பதாயிரம்.

"நாள்காட்டி அனுப்பினானா?" என்று கேட்டார், இழவு விசாரிக்கும் குரலில்.

"அனுப்பினாங்க."

"அனுப்புவான்."

பேனாவை எடுத்து, அழிக்கப்பட்ட முதல் பத்தியை மறுபடி கோடு போட்டு வரைந்தார். அதில் எழுதினார்: செயலரிடமிருந்து ஊருக்கு வரவேண்டியது, எண்பதாயிரம்.

பிலோமினா அதைப் படித்தார். அவர் உதடு தானாகப் பிதுங்கியது.

"எண்பதா? கொடுக்கிற விலையைச் சொல்லுங்க அண்ணாச்சி."

"கட்டுப்படியாகாதும்மா."

பிலோமினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பத்தாவது அடியில், அந்தக் குழியில் கால் வைத்தபோது, பின்னாலிருந்து தாணுலிங்கத்தின் குரல் வந்தது.

"அது சரி, அந்தப் பை என்ன விலை?"

அன்றைய தேதியில் பேரேட்டின் கடைசிப் பதிவு, தாணுலிங்கத்தின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது:

சொன்னது: எண்பதாயிரம் செம்பு.
முடிந்தது: மாட்டுத்தோல் பை ஒன்று, பூமி விலை நாலாயிரம் ரூபாய். ஊர்ச் சொத்தில் வரவு.
பாக்கி: இல்லை.