தடுக்கப்பட்ட குற்றங்கள்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையின் முனையில் நின்ற எண்சுவர் என்ற அரசு மின்திரை அன்று காலை ஒரே வரியைத்தான் காட்டியது: ‘மறைசுடியால் தடுக்கப்பட்ட குற்றங்கள் 412.’ கடந்து போனவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு நிம்மதியாக நடந்தார்கள். அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று, ஜெசிந்தாவின் அண்ணன் ரெஜிஸ்.

மறைசுடி, உள்ளங்கைக்குள் அடங்கும் துப்பாக்கி. உரிமம் பெற்றவர் அதை இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்து இரண்டு வருடமாகிறது. சோதனைக்கென்று எடுத்துக்கொண்ட ஒரே மாவட்டம் இதுதான். சுட்ட மறுநொடி அதுவே அரசுக் கணிப்பகத்தில் கணக்கெடுக்கும் தொகுபொறிக்குச் செய்தி அனுப்பிவிடும். சுட்டவர் ‘பயந்துபோய்ச் சுட்டேன்’ என்று சொன்னால் வழக்குக் கிடையாது. வழக்கில்லாத சாவை எந்தப் பத்தியில் போடுவது? முதல் மாதம் தொகுபொறி அப்படிக் கேட்டபோது பதில் சொன்னவள், அங்கே அட்டவணைப் பிரிவில் சரிபார்ப்பாளராக வேலை பார்க்கும் ஜெசிந்தாதான். வேறு பத்தி இல்லாததால் ‘தடுக்கப்பட்ட குற்றங்கள்’ என்பதில் தற்காலிகமாக வைத்தாள். கீழே ஒரு குறிப்பும் எழுதினாள். எண்சுவரில் குறிப்புக்கு இடமில்லை.

ஆடி மாதம் ஒரு பகலில், ஐஸ் கம்பெனி வாசலில் யாரோ ஒருவர் தவறவிட்டுப் போன சாவிக்கொத்தை ரெஜிஸ் பார்த்தான். எடுத்து, கட்டியிருந்த சாரத்தின் மடியில் செருகிக்கொண்டு, “அண்ணாச்சி, அண்ணாச்சி” என்று பின்னால் ஓடினான். அந்த மனிதர் திரும்பியபோது ரெஜிஸின் கை மடிக்குள் இருந்தது. மீதியைத் தொகுபொறி எழுதிக்கொண்டது: வழிப்பறி, தடுக்கப்பட்டது.

சுடப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல் ‘குற்றவாளிகள்’ என்ற தலைப்போடு வார்டு அலுவலகத்தில் தொங்கியது. ‘களவாணி மவ’ என்று கூப்பிடுகிறார்களென்று அண்ணன் மகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். மெர்லின் மதினி ஜெசிந்தாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “நீ அந்த ஆபீஸ்லதான இருக்க? அவரு திருட வரலன்னு ஒரு எடத்துல எழுத முடியாதா பிள்ள?”

சட்டத்தை மாநிலம் முழுக்க நீட்டிக்க அடுத்த வாரம் சட்டசபையில் வாக்கெடுப்பு. ஜெசிந்தா எல்லாக் கோப்புகளையும் எடுத்துப் படித்தாள். வண்டி நிறுத்துவதில் தகராறு. வீடு மாறிக் கதவைத் தட்டிய பெண். செத்தவர் கையில் ஆயுதம் இருந்தது முப்பத்தேழு கோப்புகளில் மட்டும். அண்ணனுக்காகக் கணக்கைச் சாய்க்கிறோமோ என்று பயந்து மறுபடி எண்ணினாள். மறுபடியும் முப்பத்தேழு.

விஷயம் கேள்விப்பட்டு, மறைசுடி எதிர்ப்பு மன்றத்துச் செண்பகராமன் தேடி வந்தார்.

“நானூத்திப் பன்னெண்டு பேரும் அப்பாவின்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடும்மா.”

“முப்பத்தேழு பேரு கையில அரிவா இருந்துச்சு அண்ணாச்சி.”

“அந்த முப்பத்தேழ யாரு கேட்டா? நாங்க தற்கொலையெல்லாம் சேத்து ரெண்டாயிரம்னு சொல்லப் போறோம். எண்ணு பெருசா இருந்தாத்தான் காதுல விழும்.”

ஜெசிந்தா எழுந்து கோப்புகளை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

வாக்கெடுப்புக்கு முதல் நாள் பிரிவுத் தலைவர் குருசாமியின் மேசையில் புதிய அட்டவணையை வைத்தாள்.

“முன்னூத்தி எழுபத்தஞ்சக் கொலைக்கு மாத்தணும்ங்கியாம்மா?”

“ஆமா சார்.”

“தப்பா இருந்தா?”

“தப்பா இருக்கும்னு நெனச்சுத்தான் சார் ரெண்டு தடவ எண்ணுனேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, ஏத்து.”

இவ்வளவு எளிதாக முடியும் என்று அவள் நினைக்கவில்லை.

மறுநாள் காலை எண்சுவர் சிவந்திருந்தது. ‘நேற்று ஒரே நாளில் கொலைகள் 375.’

ஜெசிந்தா சாலையிலேயே நின்று கைபேசியில் குருசாமியைக் கூப்பிட்டாள். “சார், ரெண்டு வருசத்துச் சாவ நேத்துத் தேதியில போட்டிருக்கு.”

“பொறி அப்பிடித்தாம்மா. எந்த நாள்ல ஏத்துறோமோ அந்த நாள்தான். கீழ குறிப்புப் போட்டேல்ல?”

“சுவர்ல குறிப்பு வராது சார்.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

பதினொரு மணிக்கு அமைச்சர் சட்டசபையிலிருந்து நேரலையில் சுவரில் தோன்றினார். “ஒரே நாளில் முந்நூற்று எழுபத்தைந்து கொலை! இன்னும் மக்களை வெறுங்கையோடு நடக்கச் சொல்கிறீர்களா?” எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து அதே எண்ணைச் சொல்லி மறைசுடியைத் தடை செய்யக் கேட்டார். இருவருக்கும் அந்த எண் பிடித்திருந்தது. யார் யாரை எப்போது சுட்டார்கள் என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை. மதியத்துக்குள் சட்டம் நிறைவேறியது. கொலையுண்டவர் குடும்பங்களுக்கு உரிமத்தில் முன்னுரிமை என்று ஒரு பிரிவையும் சேர்த்திருந்தார்கள்.

சாயங்காலம் மதினி வார்டு அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். வாசல் தாண்டி வரிசை நின்றது.

“வா பிள்ள. கவர்மெண்டு ஆளு ஒருத்தரு சாட்சிக் கையெழுத்துப் போடணுமாம்.” மதினி நீட்டிய மறைசுடி உரிம விண்ணப்பத்தோடு ரெஜிஸின் புதிய சான்றிதழ் இருந்தது. கொலையுண்டவர். தேதி, நேற்று.

“தேதி தப்பு மதினி. அண்ணன் போனது ஆடியில.”

“எந்தத் தேதியா இருந்தா என்ன, களவாணின்னு போடலல்லா.” மதினிக்குக் கண் நிறைந்துவிட்டது. “நீ செஞ்சது பெரிய காரியம். ஆனா ஊரு இப்பிடிக் கெட்டுக் கெடக்கே. பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு வெறுங்கையா எப்பிடி இருக்க?”

“அந்த முன்னூத்தி எழுபத்தஞ்சு பேரையும் கொன்னதே இந்த மறைசுடிதான் மதினி.”

“அதத்தான நானும் சொல்லுதேன். எல்லார் இடுப்புலயும் இருக்கு. நம்மகிட்டதான் இல்ல.”

உள்ளேயிருந்து எழுத்தர் பெயர்களைக் கூப்பிட்டார். “சாமுவேல்ராஜ் வீட்டுக்காரங்க.” வண்டி நிறுத்தியவர். “முத்துப்பேச்சி வீட்டுக்காரங்க.” கதவைத் தட்டியவள். அந்த வரிசையில் யாரையும் ஜெசிந்தா பார்த்ததில்லை. கூப்பிட்ட ஒவ்வொரு பெயரும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“ரெஜிஸ் வீட்டுக்காரங்க.”

மதினி பேனாவை நீட்டினாள். “சீக்கிரம் பிள்ள, பின்னால சத்தம் போடுதாங்க.”

ஜெசிந்தா சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அடியில் பதவியைக் கேட்டிருந்த இடத்தில், படிக்கத் தெளிவாக, ‘அட்டவணைச் சரிபார்ப்பாளர்’ என்று எழுதிக் கொடுத்தாள்.