கதவைத் திறந்து முகம் காட்டவும்

மாஸ்டர் தடியை ஓங்கினார். தட்டுவதற்கு முன்பே உள்ளேயிருந்து கம்பவுண்டரின் குரல் சலித்துக்கொண்டது.

"இப்பதானே மாஸ்டர் தட்டுனீங்க? முகத்தக் காட்டிட்டுத்தானே படுத்தேன்?"

தடி இறங்கியது. தெருவில் ரோந்து போவது இன்று அவரும் டெய்லரும் மட்டும்தான்.

போன மாதம் ஒரு வீட்டில் கத்தியோடு புகுந்தவன், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அந்த வீட்டு அம்மாவை "ஒண்ணுமில்ல, நல்லாயிருக்கோம்" என்று சொல்ல வைத்துவிட்டான். அதன்பிறகு, ரயில்வேயில் சிக்னலோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற மாஸ்டர் இந்த விதியைப் போட்டார். இரண்டு தட்டு, சற்று நிறுத்தி இன்னொரு தட்டு. அது கேட்டால் கதவைத் திறந்து முகம் காட்ட வேண்டும். வேறு எதற்கும் திறக்கக் கூடாது.

"உங்க தட்டுக்குச் செத்தவன்கூட எழுந்து கதவத் திறப்பான்" என்று டெய்லர் அடிக்கடி கேலி செய்வார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

மழைநீர் தேங்கிய சாக்கடையின் வாடையோடு துருப்பிடித்த இரும்பின் வாடையும் கலந்து வர, சுவரோரம் சாய்த்திருந்த சைக்கிள்களின் நிழல்களைத் தாண்டி எங்கோ முன்னால், ஈர மரத்தில் மெல்ல விழுந்தது அந்த ஓசை. இரண்டு. பிறகு ஒன்று. தாழ்ப்பாள் விலகியது. "வாங்க மாஸ்டர்" என்றது ஒரு தூக்கக் குரல். வாசல் விளக்கு அணைந்தது.

டார்ச் வெளிச்சத்தில் வெறும் தெரு.

"விசில ஊதுங்க மாஸ்டர்."

"எதுக்கு? ஒரு சத்தத்துக்குப் பயந்து ஊரக் கூட்டினேன்னு எல்லாரும் சிரிக்கவா?"

உண்மைக் காரணம் வேறு. தெருக்கோடியில் அவர் வீடு. பூட்டிக் கிடப்பதாகத்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். உள்ளே மகள் இருந்தாள், புருஷன் வீட்டை விட்டு வந்தவள். கூட்டம் கூடினால் அவளைப் பார்த்துவிடுவார்கள். விடிந்தால் குடும்ப மானம் தெருவில் கிடக்கும்.

அடுத்த தட்டு டெய்லர் வீட்டில்.

"ஐயோ, அவ திறந்துடுவாளே!" டெய்லர் ஓடினார். உள்ளே நுழைந்தார். கதவு சாத்திக்கொண்டது.

"யோவ் டெய்லர்!"

அந்தக் கதவின் உட்புறத்திலிருந்து யாரோ தட்டினார்கள். இரண்டு. பிறகு ஒன்று.

விசில் உதட்டுக்கு வந்தது. மகளின் முகம் நினைவுக்கு வந்தது. இறக்கிவிட்டார். ஊதாமலே ஓடிப் போய்விடலாம். போய் அவளைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஓடினார். ஓசை முன்னால் போனது. அடுத்த வீடு. அதற்கடுத்தது. தாழ்ப்பாள். இருட்டு. தாழ்ப்பாள். இருட்டு.

அவர் வீடு.

இரண்டு. பிறகு ஒன்று.

"அப்பாவா?"

"திறக்காதம்மா!" தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. ஊதினார். மூச்சு அறுந்துபோகும்வரை ஊதினார்.

தாழ்ப்பாள் விலகியது.

பிறகு, தெரு நெடுக எல்லாக் கதவுகளும் திறந்தன. விசிலுக்கு அல்ல. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் முதுகு வளையாமல், தாடையை நிமிர்த்தி, முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

டார்ச்சைத் திருப்பினார். கம்பவுண்டரின் கட்டம்போட்ட லுங்கி. டெய்லரின் கழுத்தில் அளவு நாடா. டெய்லர் மனைவியின் கையில் கதவுச் சாவி.

எல்லோருக்கும் ஒரே முகம். நரைத்த மீசை. இடப்புருவத்தில் வெட்டுத் தழும்பு.

டார்ச் கடைசி வாசலுக்குப் போனது. மகளின் ஒற்றைப் பின்னல் தோளில் கிடந்தது. அதற்கு மேலே, கண்ணிமைக்காமல், அவருடைய முகம்.