ஆறு அட்டை மட்டும்

காலை 8.00. மனநல மருத்துவமனையின் பெண்கள் வார்டில் தலைமை நர்ஸ் மருந்து அலமாரியைத் திறந்தார். மனக்கொந்தளிப்பை அடக்கும் லித்தியம் மாத்திரை இருபது அட்டை இருக்க வேண்டிய தட்டில் பதினான்குதான் இருந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

மற்ற நாளாக இருந்தால் ஒரு சீட்டு எழுதி அனுப்பி, கீழே மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளலாம். இப்போது கீழேயும் இல்லை, ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. வெளிநோயாளிகளுக்கு நிறுத்தி இரண்டு மாதமாகிறது. வார்டில் படுத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று வந்த பெட்டி அது. ஆறு அட்டை போனால் யாரோ ஒருத்தி மாதம் முழுக்க மாத்திரை இல்லாமல் கிடக்க வேண்டும். அது யார் என்று முடிவுசெய்ய வேண்டியவர் தலைமை நர்ஸ்தான். அவர் பெரிய டாக்டரிடம் ஓடினார்; பெரிய டாக்டர் போலீஸுக்குப் புகார் எழுதினார்.

8.40. இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது வயதுப் பெண். கெட்டிக்காரி. அது தனக்கே தெரியும் என்பதுதான் அவரிடம் சங்கடம்.

"பெட்டி எப்போ வந்துச்சு?"

"ஏழு பத்துக்கு மேடம். பார்மசிஸ்ட் சார் கொண்டுவந்தார். என் முன்னாடிதான் சீல் உடைச்சார். ரெண்டு பேரும் எண்ணி உள்ளே வெச்சோம்."

"பூட்டினீங்களா?"

நர்ஸ் தலைகுனிந்தார். "குளியலறையில ஒரு பொண்ணு வழுக்கி விழுந்துட்டா. அலறல் கேட்டு ஓடினேன். சாவி பூட்டுலயே தொங்குச்சு. அஞ்சு நிமிஷம் இருக்கும். திரும்பி வந்து, உள்ளே பாக்காமலே பூட்டிட்டேன்."

"அந்த அஞ்சு நிமிஷம் இங்க யாரு இருந்தாங்க?"

"சார் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தார். ஆயாம்மா தரையைக் கூட்டிக்கிட்டு, குப்பை கொட்டப் போய்ட்டுப் போய்ட்டு வந்தாங்க."

9.00. தாமதமான மருந்து நேரம். பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு காகிதக் குவளை, மாத்திரை, தண்ணீர். "வாயைத் திற. நாக்கைத் தூக்கு. சரி, போ." மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி, பிறகு துப்பிவிடுகிறவர்கள் உண்டு என்பதால் இந்தச் சோதனை. பாதிப் பேரிடம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. விழுங்கிய கையோடு திறந்து காட்டினார்கள். ஒருத்தி இன்னும் தண்ணீர் கேட்டாள்.

"லித்தியம் சாப்பிடறவங்களுக்குத் தாகம் அடங்காது மேடம்," என்றார் நர்ஸ்.

9.25. ஆயாம்மாவின் மகனும் அதே மாத்திரை சாப்பிடுகிறவன். இரண்டு மாதமாக மாத்திரையில்லாமல், வீட்டுக் கதவை உடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அது வார்டுக்கே தெரியும். அதனால் வார்டே அந்த அம்மாளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எடுத்தீங்களா?"

"எடுத்திருந்தா மொத்தத்தையும் எடுத்திருப்பேன் மேடம். அவன் இருக்கற இருப்புக்கு ஆறு அட்டை எந்த மூலைக்கு?"

இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்தது, பெட்டி கொண்டுவந்த மருந்தாளுநர். ஐம்பதை நெருங்குகிறவர், மடிப்புக் கலையாத சட்டை.

"யாரையாவது சந்தேகப்படறீங்களா சார்?"

"எனக்கு அந்த யோக்கியதை இல்ல மேடம். ரெண்டு மாசமா மருந்து கொடுக்கற ஜன்னல்ல உக்காந்து, வர்றவங்களுக்கெல்லாம் இல்லைன்னு சொல்றவன் நான்." கையிலிருந்த பாட்டிலைக் காலி செய்துவிட்டு மறுபடி நிரப்பிக்கொண்டார். தலை வலிக்கிறது என்றார். நர்ஸ் பழக்கதோஷத்தில் காகிதக் குவளையிலேயே தலைவலி மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தார். மருந்தாளுநர் விழுங்கினார், நர்ஸைப் பார்த்து வாயைத் திறந்து மூடினார், குவளையைக் கசக்கிப் போட்டார். பிறகு பெட்டியில் சீல் இருந்த விதத்தைப் பொறுமையாக விளக்கினார்.

9.50. டாக்டர்கள், குமாஸ்தாக்கள், ஆயாக்கள் என்று பன்னிரண்டு பேரை இன்ஸ்பெக்டர் ஓர் அறைக்குள் வரவழைத்தார். ஆயாம்மா மேல் விழுந்த பழியை எல்லோர் முன்னாலும் துடைக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. தன் கெட்டிக்காரத்தனத்தைப் பன்னிரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பது மீதி.

"விக்கிறவன் இருபதையும் அள்ளியிருப்பான். ஆறு அட்டைன்னா அறுபது மாத்திரை. ஒரு ஆளுக்கு, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஒரு மாசத்துக்கு. அதுக்கு மேல எடுக்கக் கூசியிருக்கு." மருந்தாளுநர் பக்கம் திரும்பினார். "ஒரு பாட்டில் தண்ணியைக் காலி பண்ணிட்டு மறுபடி நிரப்பினீங்க. அதை விடுங்க. தலைவலி மாத்திரை போட்டுட்டு ஏன் சார் வாயைத் திறந்து காட்டினீங்க?"

மருந்தாளுநரின் கை தானாக வாய்க்குப் போயிற்று.

"நர்ஸம்மா தினமும் எத்தனையோ தடவை பாக்கறது, அதனால கண்ணுல படல. வெளியாள் எனக்குப் பட்டுச்சு. காட்டச் சொல்றவங்களுக்கு அந்தப் பழக்கம் வராது சார். வரிசையில நின்னவங்களுக்குத்தான் வரும்."

மருந்தாளுநர் தன் பையிலிருந்து ஆறு அட்டைகளையும் எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் ஒரு மாத்திரை மட்டும் குறைந்திருந்தது.

"பதினெட்டு வருஷம் முன்னாடி, வேற ஊர்ல, ஏழு மாசம் வார்டுல இருந்தேன். இங்க யாருக்கும் தெரியாது. வெளியூர்க் கடையில வாங்கிக்கிட்டு இருந்தேன், அங்கயும் நின்னுபோச்சு. இருந்ததைப் பாதி பாதியாப் போட்டேன். முந்தாநேத்து தீர்ந்துச்சு. மாத்திரை இல்லாம நான் என்ன ஆவேன்னு எனக்குத் தெரியும் மேடம். அதை என் மக பாத்துடக் கூடாது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேய்யா," என்றார் பெரிய டாக்டர்.

"சொன்னா? வார்டுல படுத்தாத்தானே சார் மருந்து."

ஆயாம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "நானாவது உங்க ஜன்னல்ல நின்னு அழுதேன். நீங்க எங்க சார் போய் அழுதீங்க?"

மருந்தாளுநர் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இதை என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே மேடம்."

இன்ஸ்பெக்டருக்கு உடம்பு கூசிற்று. கூப்பிட்டிருக்கலாம். வராந்தாவில் இரண்டே வார்த்தையில் முடிந்திருக்கும். மருந்தாளுநரையும் நர்ஸையும் பெரிய டாக்டரையும் தவிர எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள். அட்டைகளை எடுத்துக்கொள்ள நர்ஸுக்குக் கை நீளவில்லை. எடுக்காமலும் இருக்க முடியவில்லை.

புகாரைத் திரும்பப் பெறுவதாகப் பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

"இந்த விஷயம் இந்த ரூமைத் தாண்டாது சார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

10.15. மருந்தாளுநரின் செல்போன் அடித்தது. எடுக்கிற அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"அப்பா, உங்க ஆபீஸ்லேருந்து யாரோ பேசினாங்க. உங்களைப் பத்தி என்னென்னமோ சொல்றாங்கப்பா. நெஜமாப்பா?"

அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தார்.