சந்தாதாரரிடம் கேட்டு உறுதி செய்யவும்

“பொய் அழைப்புச் சீட்டு எல்லாத்தையும் எடுங்க மேடம். நான் படிச்சுப் பார்க்கணும்.”

சூப்பர்வைசர் ஜலஜா மேடம் பேனாவை மூடி வைத்தார். அவருடைய வலது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டு.

“முதல் நாளே சொன்னேனோல்லியோ ஜெயபாரதி? லீவு கேளு, டிரான்ஸ்பர் கேளு. அதை மட்டும் கேக்காதேன்னேனே.”

சொன்னார்தான். எட்டு நாள் முன்பு, நியமன உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு மந்தைவெளி ஸ்டாப்பில் இறங்கி, பழைய பங்களாவில் இருந்த இந்தத் தொலைபேசி நிலையத்துக்குள் நான் நுழைந்தபோதே சொன்னார். ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறைத் தொழிலாளியின் மகள் நான். எங்கள் குடும்பத்தில் பி.ஏ. வரை போன முதல் ஆள். கேட்காதே என்று சொல்லப்பட்டதைக் கேட்டுக் கேட்டுத்தான் அதுவரை வந்திருந்தேன்.

அவசர உதவி கேட்டு நகரின் தென்பகுதியில் யார் கூப்பிட்டாலும் எங்கள் போர்டில்தான் விளக்கு எரியும். போலீஸோ தீயணைப்போ ஆம்புலன்ஸோ, நாங்கள் இணைப்போம். இந்தச் சேவையை மேற்பார்வை செய்ய அரசாங்கம் ஓர் ஆலோசனைக் குழு போட்டிருந்தது. விளையாட்டு அழைப்புகள் பெருகிவிட்டன என்று அந்தக் குழு ஓர் ஆலோசனை வழங்கியது. உடனே இணைக்கக் கூடாது. லைனை வெட்டி, அதே எண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, போன் யார் பெயரில் இருக்கிறதோ அந்தச் சந்தாதாரரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அவர் பொய் என்றால் பொய்; சீட்டில் அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

1973-இல் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் எத்தனை போன் பெண் பெயரில் இருந்தது? நீங்களே சொல்லுங்கள்.

அன்று நாலு மணிக்கு அந்தக் குழு எங்கள் நிலையத்தில் கூடுவதாக இருந்தது. இந்த விதியை நகரம் முழுவதற்கும் விரிவாக்கப் போகிறார்கள். காலை ஷிஃப்டிலிருந்து அன்றுதான் மதியத்துக்கு மாறியிருந்தேன்; பொய் அழைப்புகளின் பட்டியலை டைப் அடிக்க வேண்டியவள் நான். பட்டியலில் நான்கு மாதமாக, தினமும் மதியம் இரண்டு நாற்பதுக்கு, ஒரே எண்.

ஜலஜா மேடம் இழுப்பறையைத் திறந்தார். சீட்டுகளில் பழுப்புக் கறை. காப்பி என்று நினைத்து முகர்ந்தேன். காப்பி இல்லை.

“யார் வீடு மேடம் இது?”

“இங்கதான், ரெண்டு தெரு தள்ளி. நாலு மாசம் முன்னாடி புஷ்பம்னு ஒரு பொண்ணு கூப்பிட்டா. அடிச்சுக் கொல்றார், காப்பாத்துங்கோன்னா. மூணாம் போர்டு ரத்னாதான் திருப்பிக் கூப்பிட்டா. ஆம்படையான் எடுத்துப் பொய்ன்னான். இவளும் எழுதிண்டா. சாயங்காலம் ஸ்டவ் வெடிச்சு செத்துட்டாள்னு சேதி. வீடு பூட்டிக் கிடக்கு, லைனையே பிடுங்கியாச்சு.”

“அப்புறம் யார் கூப்பிடறது?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றாம் போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ரத்னா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “நா எடுக்க மாட்டேன்க்கா. நேத்து இன்னா ஆச்சு பாரு.” ரவிக்கைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். ஐந்து விரல் தடம், கன்றிக் கறுத்து.

“எடுக்கலைன்னா மூணு போர்டும் செத்துப்போயிடும்டி,” என்றார் ஜலஜா மேடம். “எங்கே தீப்பிடிச்சாலும் நமக்குத் தெரியாது.”

நான் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினேன்.

முதலில் மூச்சு. பிறகு கதவில் எதையோ கொண்டு இடிக்கும் சத்தம். “அம்மா, போலீஸ அனுப்புங்க. தாழ்ப்பாள் பேந்துடுச்சு.” காதுக் கிண்ணத்திலிருந்து மண்ணெண்ணெய் வாடை வந்தது.

விதிப்படி வெட்டினேன். விதிப்படி திரும்பக் கூப்பிட்டேன். பிடுங்கப்பட்ட லைனில் மணி அடித்தது. ஓர் ஆண் எடுத்தான். தெற்கத்திப் பேச்சு, அவசரமே இல்லாத குரல்.

“ஒண்ணுமில்லம்மா. பொம்பள சும்மா வெளையாடுதா. வச்சிரு.”

ஆனால் அவன் போனை வைக்கவில்லை.

முதல் அடியின் சத்தம் கேட்டது.

அது என் கன்னத்தில் விழுந்தது.

பின்னல் பின்பக்கம் முறுக்கப்பட்டது. நெற்றி போர்டில் மோதியது. ஒரு தடவை. இன்னொரு தடவை. ரத்னா என் தோளைப் பிடித்து இழுக்கிறாள், ஜலஜா மேடம் வயரைப் பிடுங்குகிறார், எனக்குப் பின்னால் யாருமே இல்லை. வாயில் உப்புக் கரித்தது. பல்லின் துண்டு ஒன்று சீட்டின்மேல் விழுந்தது. காதில் ரப்பர் உருகிச் சுட்டது. அந்தச் சூட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் கிசுகிசுத்தாள்.

“பொய்னு எழுதிட்டியா?”

விளக்கு அணைந்தது.

நான் எழுதவில்லை.

மூன்றரைக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு, கோப்போடு குழு அறைக்குப் போனேன். ஒரே ஓர் உறுப்பினர் முன்னதாக வந்து உட்கார்ந்திருந்தார். தி.நகரில் பட்டு ஜவுளிக்கடை வைத்திருக்கும் சண்முகசுந்தரம். அந்த ஆலோசனையைக் குழுவில் முன்மொழிந்தவர் அவர்தான் என்று கோப்பில் படித்திருந்தேன். ஆளைப் பார்ப்பது அன்றுதான்.

“என்னம்மா, மூஞ்சி வீங்கிக் கெடக்கு? விழுந்துட்டியா?”

அதே குரல்.

கோப்பை மேஜைமேல் வைத்தேன். “மந்தைவெளி வீட்டைக் காலி பண்ணிட்டீங்களா சார்?”

“அது ராசியில்லாத வீடும்மா. அடையாறுக்கு வந்தாச்சு. ஆவணியில மறு கல்யாணமும் ஆச்சு.” சிரித்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ரத்னா வந்தாள். கையில் ஒரு புதுச் சீட்டு. “சார், உங்க அடையாறு வீட்ல இருந்து கால். தங்கம்னு சொல்லுது. கை ஒடஞ்சு கீதாம். வெளிய பூட்டிக்கினு வந்துட்டீங்களாம். திரும்பி வந்து கொளுத்திடுவேன்னீங்களாம். போன் உங்க பேர்ல கீது. ரூல்படி… உங்களத்தான் சார் கேக்கணும்.”

அவர் மெதுவாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “புதுப் பொண்ணு, நாடகம் ஆடுதா. பொய்னு எழுதிக்கோ.”

“எழுதாதே ரத்னா,” என்றேன். “போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் லைனைப் போடு. ஓடு.”

அவள் ஓடினாள். அவர் எழுந்தார். “எந்தக் கோட்டாவுல உள்ள வந்தவ நீ? நாளைக்கு ஒனக்கு வேலை இருக்காதுடி.”

“வேணாம் போய்யா.”

என்னை அடிக்கக் கை ஓங்கினார். மேஜைமேல் இருந்த போன் அடித்தது. ஓங்கிய கையாலேயே அதை எடுத்தார்.

“ஒண்ணுமில்ல, அது பொய்…”

வாக்கியம் முடியவில்லை.

அவர் உதடு நடுவே கிழிந்தது. யாரும் தொடவில்லை. தலை மேஜையில் மோதியது, அறை அதிரும்படி. போன் வயர் கழுத்தைச் சுற்றிக்கொண்டு இறுகியது. மண்ணெண்ணெய் வாடை குப்பென்று நிறைந்தது. அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

போர்டில் ஜலஜா மேடம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். “குழு ரூம்லேர்ந்து விளக்கு எரியறதுடி. காப்பாத்துங்கோன்னு கத்தறார். யாரை அனுப்பறது?”

“தங்கத்துக்கு ஆள் போயாச்சா?”

“ஜீப் கிளம்பிடுத்து.”

“இதுக்கு ரூல்படி செய்யுங்க. வெட்டிட்டுத் திரும்பக் கூப்பிடுங்க.”

அவர் கட்டுப் போட்ட விரல்களால் பிளக்கை உருவினார், திரும்பச் செருகினார். சுவருக்கு அப்பால் மேஜை கவிழும் சத்தம். அவர் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“என்னவாம் மேடம்?”

“ஒரு பொம்மனாட்டி எடுக்கறா.” குரல் அடங்கிப்போயிருந்தது. “ஒண்ணுமில்லையாம். பொய்க் காலாம். எழுதட்டுமான்னு கேட்டா, எழுதுங்கோன்னு சிரிக்கறாடி.”

உள்ளே இன்னொரு மோதல். நான் செருப்பை மாட்டினேன்.

“ஜெயபாரதி, நான் என்னடி பண்ணட்டும்?”

“அது உங்க இஷ்டம் மேடம். அந்தப் பொண்ணு பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். நான் அடையாறு போறேன்.”

படியிறங்கி வெயிலுக்குள் நடந்தேன்.