நீளக் குழாய்

புதுப் பெட்டிதான். மேலே ஒட்டியிருந்த நாடாவை அவனே பிளேடால் கிழித்தான். ஆனால் உள்ளே இருந்த, தண்ணீருக்கடியில் மூச்சுக் காற்று தருகிற இரண்டு ரெகுலேட்டர்களில் ஒன்றின் ரப்பர், வாயில் கவ்வுகிற ரப்பர், ஈரமாக இருந்தது. தண்ணீர் ஈரம் இல்லை. விரலுக்கு வழவழவென்று பட்டது.

"ஏன் மாப்ள, இத வாயில வச்சியா?"

கயிறு பிடிக்க வந்திருந்த மச்சினன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "உங்க டம்ளரத் தொட்டாலே வீட்டுல பஞ்சாயத்து. இத வாயில வச்சுட்டு நான் உசிரோட இருக்க முடியுமா மாமா?"

"அப்ப இது என்ன?"

"கிரீஸா இருக்கும். செஞ்சவன் தடவி அனுப்பியிருப்பான்."

முகர்ந்து பார்த்தான். கிரீஸ் இல்லை. பல் விளக்காத ஒருவன் முகத்துக்கு நேரே நின்று பேசுவதுபோல் அடித்தது. குழாயடியில் சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவினான்.

நீரேற்று நிலையத்தில் அவனுக்கு மூச்சன் என்று பெயர். பதினெட்டு வருடமாகத் தண்ணீருக்குள் இறங்கிப் பிழைக்கிறவன். உப்பிய நாயை மதகிலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறான், சாக்கடைக் குழாயில் கழுத்தளவு நின்றிருக்கிறான். அதெல்லாம் கழுவினால் போய்விடும். அடுத்தவன் எச்சில் மட்டும் அவனுக்கு ஆகாது. பெற்ற பிள்ளை கடித்துக் கொடுத்த பிஸ்கட்டையே தின்னமாட்டான்.

வேலை இதுதான். ஊருக்குக் குடிதண்ணீர் போகிற நிலத்தடித் தொட்டியில் இரண்டு அறைகள். நடுச்சுவரின் அடியில் ஒன்றரை முழ உயரமே உள்ள ஒரு துளை. முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு அதற்குள் நுழைய முடியாது. அதனால் என்ஜினீயர் இந்தப் புதுச் சாமானை வரவழைத்திருந்தார். இதில் சிலிண்டர் முதுகில் இல்லை; இரண்டு விலாவிலும் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கும். ஆள் பல்லி மாதிரித் தட்டையாகிவிடுவான். இடது ரெகுலேட்டருக்குக் குட்டைக் குழாய். அது எலாஸ்டிக் வளையத்தில் தாடைக்குக் கீழேயே கிடக்கும். வலதுக்கு ஓர் ஆள் நீளத்துக்கும் மேலே குழாய். கூட வருகிறவனுக்குக் காற்றுத் தீர்ந்தால் நீட்டிக் கொடுப்பதற்கு. காற்று மீட்டரைப் பார்த்து, முப்பது புள்ளி இதில், முப்பது புள்ளி அதில் என்று மாற்றி மாற்றி இழுக்க வேண்டும்.

"துளை வழியாப் போயி, எதிர்ச்சுவரைத் தொட்டுட்டு வந்துரு. இன்னைக்கு அது போதும்," என்று சொல்லிவிட்டு என்ஜினீயர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"கூட வர்றவனுக்காம் இந்தக் குழாயி," என்றான் மச்சினன், நீளக் குழாயைச் சுருட்டிக் கொடுத்தபடி. "அங்க உங்ககூட யாரு வரப்போறா?"

காலை பத்து மணி வெயில் ஏணியோடு இறங்கி நான்காவது படியில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே டார்ச் வெளிச்சம் மட்டும். வலது ரப்பரைக் கவ்விக்கொண்டு, ஒரு கையில் கயிற்றோடு, மூச்சன் தரையை ஒட்டி மிதந்தான். சாமான் சொன்னபடி கேட்டது. சுவரெல்லாம் பாசி தோல்போல் உரிந்து தொங்க, தரையில் விரல் உயரத்துக்குச் சாம்பல் நிற வண்டல் கிடந்தது. இதைத்தான் ஊர் குடிக்கிறது என்று நினைத்து ரப்பரை இன்னும் இறுகக் கவ்வினான். தலையைக் கொடுத்தான், தோளைக் கொடுத்தான். துளை அவனை உள்ளே வாங்கிக்கொண்டது.

பாதி வழியில் தாடைக்குக் கீழே வெதுவெதுப்பாக ஏதோ பட்டது.

நின்றான். தொங்குகிற இடது ரப்பர்தான் உரசுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் தொண்டைக்குழியில் மெத்தென்று ஒன்று அமுங்கி, விலகி, மறுபடி அமுங்கியது. பால் குடிக்கிற குட்டியின் வாய்போல. கன்னத்தோரம் குமிழிகள் ஏறின. தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். குமிழிகள் நிற்கவில்லை. சற்று நின்று, மறுபடி ஏறின. நிதானமாக. தூங்குகிறவன் மூச்சுப்போல.

வால்வு கசிகிறது. புதுச் சாமான், அப்படித்தான் இருக்கும்.

இரண்டாம் அறைக்குள் வந்துவிட்டான். இங்கே கூரை வரைக்கும் தண்ணீர். தலை தூக்க இடமில்லை. இருநூறில் தொடங்கிய வலது மீட்டர் நூற்றெழுபதைக் காட்டியது. மாற்ற வேண்டிய நேரம். வலது ரப்பரை எடுத்து நெஞ்சுக் கொக்கியில் மாட்டிவிட்டு, இடதைக் கவ்வினான்.

சூடாக இருந்தது.

இப்போதுதான் ஒரு வாயிலிருந்து வந்ததுபோல் சூடு. நாக்கில் கொழகொழவென்று எதுவோ. அழுகல் நாற்றமும் புளிப்பும். மென்று பாதியில் விட்ட ஒரு துணுக்கு பல்லிடுக்கில் ஒட்டியது. கண்ணில் நீர் முட்டியது. துப்பினான். ரெகுலேட்டருக்குள்ளேயே துப்பலாம், வெளியே போய்விடும். அடுத்த இழுப்பில் அது திரும்பி வந்தது, இன்னும் கெட்டியாக.

இடது மீட்டரைப் பார்த்தான். அவன் இன்னும் தொடாத சிலிண்டர். இருநூறு இருக்க வேண்டும்.

முப்பது.

வலதுக்கே போய்விடலாம் என்று நெஞ்சைத் தடவினான். கொக்கி மட்டும் இருந்தது. நீளக் குழாய் அக்குளுக்கடியில் பின்னோக்கிப் போயிருந்தது. விறைப்பாக. இழுத்தான். அந்த முனையும் இழுத்தது. பலமாக இல்லை. குழந்தை பொம்மையை விடமாட்டேன் என்பதுபோல.

ஆபத்து என்று கயிற்றை நான்கு முறை சுண்டினான். மேலிருந்து பதில் இல்லை. துளையின் விளிம்பில் சிக்கியிருந்தது கயிறு. காலை உதைத்து அதை நோக்கிப் பாய்ந்தான். வண்டல் கிளம்பியது. டார்ச் வெறும் பழுப்பு. தலை துளைக்குள் போனது. தோள் போனது. இடுப்பு வரவில்லை. இடுப்பு வாரை எதுவோ பிடித்திருந்தது. விரல்கள். ஒவ்வொன்றாக எண்ணலாம்.

மெல்லப் பின்னால் இழுத்தது. மறுபடி இரண்டாம் அறைக்குள்ளேயே வந்தான்.

இடது மீட்டரின் முள் அதற்குள் பூஜ்யத்தைத் தொட்டிருந்தது. இடது ரப்பர் ஒரு இழுப்புத் தந்தது. அரை இழுப்பு. பிறகு பல்லோடு ஒட்டிக்கொண்டது. காற்று இல்லை.

பத்து எண்ணினான். முப்பது. அறுபது. அதுதான் அவன் பெயர் வாங்கிய வித்தை. எண்பதில் நெஞ்சு தானாகத் துடிக்க ஆரம்பித்தது.

அப்போது குழாயின் விறைப்பு தளர்ந்தது.

பழுப்புக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. ஊறி வெளுத்த கை. தோல் கையுறைபோல் கழன்று, விரல் நுனிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. வலது ரெகுலேட்டரை அது முறைப்படி பிடித்திருந்தது. ரப்பர் அவன் பக்கம் பார்த்தபடி. பயிற்சியில் சொல்லிக் கொடுப்பதுபோலவே.

நீட்டியது. காத்திருந்தது.

வாயைத் திறந்தான்.

காற்று வந்தது. கூடவே மற்றதும் வந்தது. வழிய வழிய. விழுங்கினால்தான் இழுக்க முடியும். விழுங்கினான். இழுத்தான். இன்னொரு முறை.

இரண்டு மூச்சு ஆனதும் தோளில் மெல்ல ஒரு தட்டு. அந்தக் கை அவன் வாயிலிருந்து ரப்பரை உருவிக்கொண்டது.

பழுப்புக்குள், ஒரு சாண் தூரத்தில், சப்பும் சத்தம். ஒன்று. இரண்டு.

திரும்ப நீட்டியது.

வலது மீட்டரின் முள் டார்ச் வெளிச்சத்தில் பச்சையாக மின்னியது. நூற்றைம்பது. இரண்டு பேருக்கு இன்னும் நெடுநேரம் வரும்.