பன்னிரண்டு கிலோ காற்று

செவ்வாய்க் கோளில் ஆயுத பூசை என்றால் சந்தனத்தை வெந்நீர்ப்பையில் கட்டித்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். கொஞ்சம் அசந்தால் கையுறை விரலிலேயே அது கல்லாகிவிடும். அன்று காலை நாச்சிமுத்து உயிர்க்கவச உடையோடு மண்டியிட்டு, தம் எட்டாம் எண் லாரிக்கு நூற்றெட்டு இடங்களில் பொட்டு வைத்தார். பிறகு முப்பது டன் பனிக்கட்டியோடு வண்டி ஏணிச்சரிவில் இறங்கத் தொடங்கியது. ஓட்டியது மருமகள் வஞ்சி. பக்கத்தில் உட்கார்ந்து குறை சொன்னது மாமனார்.

பாதிச் சரிவில் வஞ்சி பிரேக் காற்றின் அழுத்தமானியைத் தட்டிப் பார்த்தாள்.

"மாமா, பிரேக் காத்து ஒம்பதரை கிலோ காட்டுதுங். எட்டுல நிக்கோணுமில்ல?"

"பழைய மானி அம்மிணி. முள்ளு பொய் சொல்லும்."

"மானி சரியாக இருக்கிறது" என்றது பழுதறிவான். அறுபது வயது கடந்த வண்டிகளில் போக்குவரத்து அலுவலகம் கட்டாயமாகப் பொருத்தும் ஒற்றைக்கண் எந்திரன் அது. "என் உணரியிலும் ஒன்பதரைதான். பிரேக் காற்றுத் தொட்டி புதிதாக இருந்தபோது பதின்மூன்று தாங்கியது. இப்போது எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது."

நாச்சிமுத்துவின் முதுகு நிமிர்ந்தது. அவருடையது முதல் கப்பலில் வந்த குடும்பம். பழுதறிவான்கள் எழுதும் அறிக்கைகள் குடியிருப்பு வாசல் பலகையில் ஊரே படிக்க ஒட்டப்படும். அந்தப் பலகையில் அவர் வீட்டு வண்டி ஒருநாளும் ஏறியதில்லை.

வஞ்சி வண்டியை ஒதுக்கிடத்தில் நிறுத்தினாள். ஆனால் மோட்டாரை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அந்தக் குளிரில் அது மறுபடி சுழலாது. மீட்பு வண்டி வருவதற்குள் ஓட்டுநர் அறை உறைந்துவிடும். மோட்டார் சுழலும்வரை அதோடு பிணைந்த காற்றமுக்கி வெளியே உள்ள மெல்லிய காற்றை உறிஞ்சி, தொட்டியில் திணித்துக்கொண்டே இருக்கும்.

பத்து. பத்தேகால்.

வஞ்சி பிரேக்கை மிதித்து மிதித்துக் காற்றைச் செலவழித்தாள். மிதித்தபோது முள் கொஞ்சம் இறங்கி, காலை எடுத்ததும் முன்னைவிட மேலே ஏறியது.

"எட்டு கிலோவில் அன்லோடர் வால்வு திறந்து மிச்சக் காற்றை வெளியே தள்ள வேண்டும். அது செய்யாவிட்டால் பத்தில் பாதுகாப்பு வால்வு திறக்க வேண்டும். இரண்டும் திறக்கவில்லை. தொட்டிக் காற்றை வெளியே விடும் அடித்திருகும் அசையவில்லை" என்றது பழுதறிவான். "வால்வின் திருகை யாராவது முறுக்கினார்களா?"

"எவன் முறுக்குவான்?" நாச்சிமுத்து சீறினார். "மூணு தலைமுறையா எங்க வீட்டுக் கை தவிர வேற கை இந்த வண்டில பட்டதில்ல. எழுதிக்கோ!"

"எழுதிக்கொண்டேன்."

பதினொன்று. அறையின் தளம் மெல்ல அதிர்ந்தது. வஞ்சி இன்னும் வேகமாக மிதித்தாள்.

அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு உறைத்தது. எட்டு கிலோ ஆகும்போதெல்லாம் வால்வு காற்றைத் துப்பும்; இங்கே சத்தம் கேட்காது, இருக்கைக்கடியில் ஒரு உதறல் மட்டும் வரும். நாற்பது வருடமாக அவர் முதுகுக்குப் பழகிய உதறல். காலையிலிருந்து அது ஒருமுறைகூட வரவில்லை.

"நேத்துவரைக்கும் துப்புன வால்வு. வாய்தான் அடைச்சிருக்கோணும்" என்று தலைக்கவசத்தை மாட்டினார்.

"நான் போறனுங் மாமா."

"நீ பிரேக்கை மிதி."

வண்டிக்கடியில் தவழ்ந்தார். தலைக்கு ஒரு முழம் மேலே தொட்டி விம்மிக்கொண்டிருந்தது. கவசக் கண்ணாடியின் ஓரத்தில் எண் மாறியது: பன்னிரண்டு. விளக்கை வால்வின்மேல் திருப்பியவர் அப்படியே அசையாமல் கிடந்தார்.

"மாமா? என்ன அடைச்சிருக்குதுங்?"

"தூசி" என்றார்.

"தூசி மஞ்சளாக இருக்கிறது" என்றது, அவர் கவசக் கண்வழியே பார்த்துக்கொண்டிருந்த பழுதறிவான். "நடுவில் சிவப்பாக ஒரு வட்டம்."

நாச்சிமுத்து திருப்புளியை வால்வின் வாயில் வைத்து உள்ளங்கையால் அறைந்தார். ஒருமுறை. இரண்டுமுறை. மூன்றாவது அறையில் சந்தனக்கட்டி குண்டுபோல் பறந்து பாறையில் மோத, வெண்புகையாய்க் காற்று பீறிட்டது. பன்னிரண்டு, பத்து, எட்டு. பாதுகாப்பு வால்விலும் அடித்திருகிலும் இருந்த பொட்டுகளையும் அவரே சுரண்டி எடுத்தார்.

உள்ளே வந்ததும் பழுதறிவான் கேட்டது: "காரணம் என்று என்ன எழுதட்டும்?"

வஞ்சி அவசரமாகச் சொன்னாள்: "தேய்மானம்னு போட்டுரலாமுங் மாமா. பழைய வண்டிதானே."

"வண்டிமேல பழி போடறதா?" அவர் முதுகு வளையவில்லை. "உள்ளதை எழுது. சந்தனம். வெச்சது நான்."

மறுநாள் அறிக்கை பலகையில் ஏறியது. ஊரே படித்தது. நாச்சிமுத்து வெளியே போகவில்லை. பொழுது ஏறியபின் வஞ்சி வந்து கூப்பிட்டாள். "உங்களைப் பாக்க வந்திருக்காங்க, மாமா."

சிரிக்க வந்திருப்பார்கள் என்று நினைத்தார். ஆனாலும் தலை நிமிர்ந்தே கவசம் மாட்டி வெளியே வந்தார். வரிசையாகப் பதினோரு லாரிகள். முதல் வண்டிக்காரர் தீர்த்தகிரி கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணா, உங்க கையால எங்க வண்டிக்கும் ஒரு பொட்டு."

"பலகையைப் படிக்கலியா நீ?"

"எழுத்து விடாம படிச்சனுங். அறுபது வருசத் தொட்டி, பன்னெண்டு கிலோ, வெடிக்கலை. சும்மாவா?"

"தயவுசெய்து வால்வின் வாயில் மட்டும் வைக்காதீர்கள்" என்றது எட்டாம் எண் வண்டிக்குள்ளிருந்து பழுதறிவான்.

தீர்த்தகிரி பதறிப்போனார். "அங்கதானுங் வெக்கோணும்! அங்க வெச்சதாலதானே உங்க வண்டி தப்பிச்சுது?"

நாச்சிமுத்து வரிசையை ஒரு முறை பார்த்தார். பதினோரு வீட்டார் அவர் வீட்டுக் கைக்காகக் காத்து நிற்கிறார்கள். முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, தீர்த்தகிரி நீட்டிய வெந்நீர்ப்பையின் முடிச்சை அவிழ்த்தார்.